காபித் தோட்டத்துப் பிள்ளைக்கு ஸ்பானியம் எதற்கு?

தாண்டிக்குடிக்குக் கீழே காபித் தோட்டம் ஒன்றின் லைன் வீட்டில் வளர்ந்தவர் அந்த மாணவி. சமவெளியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறார். தினமும் பஸ்ஸில் மலை இறங்கி, மலை ஏறுகிறவர். போன பருவத்தில் அந்தக் கல்லூரியில் ஸ்பானிய மொழிக்கு ஒரு தொடக்கநிலைச் சான்றிதழ் வகுப்பு ஆரம்பித்தார்கள். வாரத்தில் மூன்று நாள், கல்லூரி விட்ட பிறகு நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை. ஆசையோடு சேர்ந்தார். ஐந்தாவது வாரம் நின்றுவிட்டார்.

அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "ஏம்மா நின்னுட்டே?" என்று கேட்டோம். கட்டணத்தில் இரண்டாவது தவணை கட்ட முடியவில்லை என்றார். வகுப்பு முடிந்து ஓடினாலும் பஸ் கிடைக்கவில்லை என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாவதாக ஒன்று சொன்னார்: "ஸ்பானிஷ் புரிஞ்சுதுங்க. அதைச் சொல்லிக் கொடுக்கிற இங்கிலீஷ்தான் புரியல."

பணமும் பஸ்ஸும் நமக்குப் பழகிப்போன காரணங்கள். இந்த மூன்றாவது காரணம் அப்படியல்ல. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில், பக்கத்து வீட்டுப் பெரியவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "காபி பறிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பானிஷ் எதுக்கு? டீச்சர் வேலைக்குப் படிக்கலாம், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கலாம்." நியாயமான கேள்விதான். நாமும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் இதே மலையில், இன்னும் கொஞ்சம் உயரத்தில் வாழும் பிள்ளைகளிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

கொடைக்கானல் என்றைக்குமே ஒரு மொழி மட்டும் பேசிய ஊர் அல்ல. 1845-ல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார்கள் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்து இங்கே வீடு கட்டினார்கள். 1895-ல் செண்பகனூரில் இயேசு சபையார் கல்லூரி தொடங்கினார்கள். லத்தீனும் பிரெஞ்சும் அங்கே ஒலித்தன. 1901-ல் தொடங்கிய பள்ளி இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஐபி என்று சொல்லப்படும் சர்வதேசப் பாடத்திட்டத்தை இந்தியாவில் முதலில், 1976-ல், கொண்டுவந்த பள்ளி அது. அந்தப் பாடத்திட்டத்தில் தாய்மொழி தவிர இன்னொரு மொழியும் படித்தாக வேண்டும். முன்பின் கேட்டறியாத மொழியை அரிச்சுவடியிலிருந்து படிக்கத் தனிப் பாடமே உண்டு. ஸ்பானியமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளையிடம் "ஸ்பானியம் எதற்கு?" என்று எந்தப் பெரியவரும் கேட்க மாட்டார். உலகம் பெரியது, பிள்ளை எங்கே போகுமோ என்று பெற்றோர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

காட் ரோடு வருவதற்கு முன்னால் துரைமார்களையும் துரைசாணிகளையும் டோலியில் தூக்கி, கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பிலிருந்து மலையேற்றியவர்கள் கூலிகள். அவர்கள் தோளில் ஆங்கிலமும் பிரெஞ்சும் நூறாண்டுக்கு முன்பே மலையேறிவிட்டன. தூக்கியவர் காதில் விழுந்ததெல்லாம் ஏவல் சொற்கள் மட்டும்.

மலைக்காரர்களுக்கு மொழி வராது என்று யாராவது சொன்னால் வட்டக்கானலுக்குக் கூட்டிப் போங்கள். 'குட்டி இஸ்ரேல்' என்று சுற்றுலாக்காரர்கள் பெயர் வைத்த ஊர். டீக்கடை வைத்திருப்பவரும் வாடகை அறை விடுபவரும் எபிரேய மொழியில் நாலு வார்த்தை பேசி, விலை சொல்லி, வழியனுப்புவதைக் கேட்கலாம். எந்தக் கல்லூரியும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. காதால் கேட்டார்கள், வாயால் சொன்னார்கள். ஆனால் காதால் படித்த மொழிக்குச் சான்றிதழ் கிடையாது. அது டீக்கடையோடு நின்றுவிடும்.

இப்போது நாடு முழுவதும் மொழிச் சண்டை. மும்மொழியை ஏற்காததால் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியானது. 1968 முதல் இருக்கும் இருமொழிக் கொள்கையே தொடரும் என்றது. நாமும் அந்தப் பக்கம்தான். திணிக்கப்படும் மொழி எதுவானாலும் அதை முதலில் சுமப்பது முதல் தலைமுறையாகப் படிக்க வரும் நம் பிள்ளைதான். ஆனால் இந்தச் சண்டையில் யாரும் தொடாத ஒரு மூலை இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை, உயர்நிலைப் பள்ளியில் படிக்கத்தக்க அயல்மொழிகள் என்று கொரியம், ஜப்பானியம், தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்ச்சுக்கீசியம், ரஷ்யம் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. இவை எந்தப் பள்ளிகளில் உண்மையில் நடக்கும்? கட்டணம் வாங்கும் பள்ளிகளில். நம் ஆதிதிராவிடர் நலப் பள்ளியில் கணக்கு வாத்தியார் வருவாரா என்பதே நம் பிள்ளையின் கவலை.

கல்லூரியிலும் இதே கதைதான். தமிழ்நாட்டுப் பட்டப்படிப்பில் பகுதி ஒன்று என்பது மொழிப் பாடம். தமிழ் எடுக்கலாம், வசதி இருக்கிற கல்லூரியில் பிரெஞ்சோ இந்தியோ சமஸ்கிருதமோ எடுக்கலாம். நகரத்துப் பெரிய கல்லூரிகளில் பிரெஞ்சு எடுப்பவர்கள் யார், தமிழ் எடுப்பவர்கள் யார் என்று ஒரு நாள் வகுப்பறை வாசலில் நின்று பார்த்தால் போதும். மதிப்பெண் சுலபம் என்று பிரெஞ்சு எடுப்பதாகச் சொல்வார்கள். அந்தச் சுலபம் யாருக்குச் சுலபம்? பள்ளியிலேயே ஐந்து வருடம் பிரெஞ்சு படித்து வந்தவருக்கு.

ஸ்பானிய வகுப்பு நமக்கு முக்கியமாகப் படுவது இந்த இடத்தில்தான். நம் பக்கத்துப் பள்ளிகளில் ஸ்பானியம் அபூர்வம். ஆகவே, கல்லூரியில் தொடக்கநிலை வகுப்பு தொடங்கினால் டாக்டர் வீட்டுப் பிள்ளையும் கூலி வீட்டுப் பிள்ளையும் ஒரே நாளில் 'ஓலா' என்று ஆரம்பிக்க வேண்டும். ஓலா என்றால் வணக்கம். கணக்கில், அறிவியலில், ஆங்கிலத்தில், முதல் தலைமுறைப் பிள்ளை வகுப்புக்குள் நுழையும்போதே பத்து வருடம் பின்தங்கியிருக்கிறது. இங்கே எல்லோருக்கும் கோடு ஒன்று. பூஜ்யத்திலிருந்து தொடங்கும் வகுப்பறை நம் பிள்ளைகளுக்கு எத்தனை முறை கிடைக்கிறது?

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்வோம். தமிழ் நன்றாகத் தெரிந்த பிள்ளைக்கு இந்த வகுப்பில் ஓர் அனுகூலம்கூட உண்டு. ஸ்பானியத்தில் அடிப்படை உயிரொலிகள் ஐந்துதான்: அ, எ, இ, ஒ, உ. எழுதினபடி வாசிக்கலாம், ஆங்கிலம் போல எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்ற வம்பு குறைவு. நம் 'ஞ' அங்கே அப்படியே இருக்கிறது. 'மஞானா' என்றால் நாளை. நம் தகரம் எப்படிப் பல்லைத் தொட்டுப் பிறக்கிறதோ அப்படியே அவர்கள் தகரமும். 'அது' என்று சொல்லும்போது தகரம் மெலிகிறதே, அதே மாதிரி உயிரெழுத்துக்களுக்கு நடுவில் அவர்களுக்கும் மெலிகிறது. ஆங்கிலப் பழக்கத்தோடு வருகிறவர்தான் நாக்கைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

வினைச்சொல்லைப் பாருங்கள். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று நாம் சொல்லும்போது நான், நீ, நாம் என்பவை தேவையில்லை. விகுதியே ஆளைச் சொல்லிவிடும். ஸ்பானியத்திலும் 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய், 'ஆப்லாமோஸ்' என்றால் பேசுகிறோம். தமிழ்ப் பிள்ளைக்கு இதில் விளக்க என்ன இருக்கிறது? ஆனால் ஆங்கிலம் வழியாகச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் இதற்கு ஒரு வாரம் செலவழிக்க வேண்டியிருக்கிறது.

அதைவிட அழகான இடம் ஒன்று. 'மே குஸ்தா எல் கஃபே' என்பது எந்தத் தொடக்கநிலைப் புத்தகத்திலும் முதல் சில பாடங்களுக்குள் வந்துவிடும் வாக்கியம். சொல்லுக்குச் சொல் வைத்துப் பார்த்தால் 'எனக்குப் பிடிக்கும் காபி' என்று வரும். நான் காபியை விரும்புகிறேன் என்று ஆங்கிலம் சொல்கிறது. தமிழும் ஸ்பானியமும் 'எனக்குப் பிடிக்கும்' என்றே சொல்கின்றன. இந்த வாக்கியத்தைப் புரியவைக்க ஆங்கிலவழி வகுப்பில் கரும்பலகை முழுக்க அம்புக்குறி போடுகிறார்கள். 'எனக்குக் காபி பிடிக்கும்' என்று தமிழில் ஒரு வரி சொல்லியிருந்தால் நம் மாணவி முதல் ஆளாகக் கை தூக்கியிருப்பார். காபிச் செடிக்கு நடுவில் வளர்ந்தவர் அவர்.

ஆக, எல்லோருக்கும் பூஜ்யம் என்று போட்ட கோட்டை ஆங்கிலம் அழித்துவிடுகிறது. ஸ்பானியத்துக்குப் போகிற பாதையில் ஒரு சுங்கச்சாவடி. ஆங்கிலம் கையில் இருப்பவர் கடந்துபோகிறார். இல்லாதவர் சாவடியிலேயே நிற்கிறார். நின்றவரைப் பார்த்து "இவருக்கு மொழி வராது" என்று வகுப்பு முடிவு செய்துவிடுகிறது. பிறகு அவரே அப்படி நம்பத் தொடங்குகிறார்.

இது புதிய கதையல்ல. பம்பாயில் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது அம்பேத்கர் சமஸ்கிருதம் படிக்க விரும்பினார். தீண்டத்தகாத வகுப்புப் பையன் என்பதால் மறுத்தார்கள். பாரசீகம் எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று. பின்னாளில் சமஸ்கிருதத்தைத் தானே முயன்று கற்றார்; ஜெர்மனும் பிரெஞ்சும் கற்றார். அன்றைக்கு 'உன் சாதிக்கு இந்த வகுப்பு இல்லை' என்று நேராகச் சொன்னார்கள். இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. நான்கு மணி முதல் ஐந்தரை, இரண்டு தவணைக் கட்டணம், ஆங்கில வழி என்று மட்டுமே சொல்கிறார்கள். எந்தச் சாதியையும் குறிப்பிடாத இந்த மூன்று விதியையும் அடுக்கி வைத்தால் யார் மிஞ்சுகிறார், யார் விடுபடுகிறார் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை.

அந்த மாணவி தன் நோட்டைக் காட்டினார். நான்கு வாரத்தில் எழுதியது பதினெட்டுப் பக்கம். அதில் ஒரு பக்கத்தில் 'து', 'உஸ்தேத்' என்று இரண்டு சொற்களைப் பெரிதாக எழுதிக் கட்டம் கட்டியிருந்தார். 'து' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். 'தங்கள் அருள்' என்ற பொருளில் இருந்த பழைய மரியாதைத் தொடர் தேய்ந்து 'உஸ்தேத்' ஆனது என்பார்கள். "இந்தப் பாடம் எனக்கு ஒரு நிமிஷத்துல புரிஞ்சுதுங்க" என்றார். புரியாமல் என்ன? அவர் தாத்தாவை, தோட்டத்துக்காரர் வீட்டில் மீசை முளைக்காத பையன் "டேய், இங்க வாடா" என்று கூப்பிடுவதையும், தாத்தா "சாமி" என்று ஓடுவதையும் பார்த்து வளர்ந்தவர். யார் யாரை நீ என்கலாம், யார் யாரை நீங்கள் என்க வேண்டும் என்ற இலக்கணத்தைச் சேரிப் பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. பெரு, எக்குவடோர் போன்ற ஆண்டிஸ் மலை நாடுகளிலும் பண்ணைக்காரர்கள் பழங்குடிகளை ஒருமையில் விளித்ததும், அவர்கள் பதிலுக்கு 'உஸ்தேத்' போட்டதும் நெடுங்காலம் நடந்ததுதான். மலை வேறு, கடல் வேறு, விகுதி மட்டும் ஒன்று.

அதனால் ஸ்பானியத்தைப் புனித மொழியாக யாரும் நினைத்துவிட வேண்டாம். 1492-க்குப் பிறகு அமெரிக்கக் கண்டங்களில் அது கத்தியோடும் சிலுவையோடும் இறங்கிய மொழி. சாதி என்ற நம் ஏற்பாட்டை ஐரோப்பியர் அழைத்த 'காஸ்ட்' என்ற சொல்லே 'காஸ்தா' என்ற போர்ச்சுக்கீசிய, ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்ததுதான். குலம், இனவழி என்பது அதன் பொருள். மெக்சிகோவில் 18-ம் நூற்றாண்டில் 'காஸ்தா' ஓவியங்கள் என்றே ஒரு வகை இருந்தது. தகப்பன் ஸ்பானியர், தாய் பழங்குடி என்றால் பிள்ளைக்கு ஒரு பெயர். தாய் ஆப்பிரிக்கர் என்றால் இன்னொரு பெயர். இப்படிக் கட்டம் கட்டமாக, பெரும்பாலும் பதினாறு படங்களில், மனிதர்களைத் தரம் பிரித்து வரைந்து வைத்தார்கள். நம் மனுவுக்கு அங்கே தூரத்துச் சொந்தக்காரர்கள் இருந்திருக்கிறார்கள்.

இன்னொரு சொல்லும் அந்த மொழியில் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. 'பாரியா'. ஒதுக்கப்பட்டவர், யாரும் சேர்த்துக்கொள்ளாதவர் என்று ஸ்பானிய அகராதி பொருள் சொல்லும். தமிழிலிருந்து போர்ச்சுக்கீசியம் வழியாகப் போன சொல் அது. பறையர் என்ற நம் மக்களின் பெயர். இங்கே 1893-ல் இரட்டைமலை சீனிவாசன் அந்தப் பெயரையே தலைப்பாக வைத்துப் பத்திரிகை நடத்தினார். எதை வைத்து இழிவு செய்கிறீர்களோ அதை வைத்தே நிமிர்ந்து நிற்கிறேன் என்பது அவர் எண்ணம். எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடி, 1922-ல் அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்ற பெயரைக் கொண்டுவந்தார். இங்கே அரசாணை போட்டு மாற்றிய பெயர், கடல் கடந்துபோய் ஐரோப்பிய மொழிகளில் வசைச்சொல்லாகத் தங்கிவிட்டது. உலகத் தொழிலாளர் கீதத்தின் ஸ்பானிய வடிவம் எழுந்து நிற்கச் சொல்லி அழைப்பதுகூட அந்தச் சொல்லால்தான். அழைக்கிற குரல் நல்ல குரல். ஆனாலும் அந்தப் பெயர் யாருடையது என்று பாடுகிறவருக்குத் தெரியாது.

நம் பிள்ளை ஒருநாள் அகராதியைப் புரட்டி அந்தச் சொல்லைப் பார்க்கும். பார்த்துவிட்டு என்ன செய்வது? மூடி வைத்துவிடலாம். அல்லது அந்த மொழியிலேயே, அந்த மொழிக்காரர் முகத்தைப் பார்த்து, "இது எங்கள் பெயர், இதன் கதை இது" என்று சொல்லலாம். இரண்டாவதைச் செய்ய வேண்டுமானால் மொழி தெரிய வேண்டும். நமக்காக மற்றவர்கள் உலகத்திடம் நிறையப் பேசிவிட்டார்கள்.

இப்படிச் சொன்ன ஒரு பெண்ணை இந்த மலைப் பிள்ளைகள் அறிந்துகொள்வது நல்லது. குவாத்தமாலா நாட்டின் ரிகோபெர்ட்டா மென்ச்சு. மாயா பழங்குடி, தாய்மொழி கிச்சே. சின்ன வயதில் குடும்பத்தோடு காபித் தோட்டத்தில் வேலை செய்தவர். ஸ்பானியம் அவருக்கு முதலாளிகளின் மொழி. பின்னாளில் அதைக் கற்றுக்கொண்டு, தன் மக்களுக்கு நடந்த கொடுமைகளை அந்த மொழியிலேயே சொன்னார். அது 1983-ல் நூலாக வந்தது. 1992-ல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. காபி பறிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஸ்பானியம் எதற்கு என்று கேட்ட பெரியவரிடம் இந்தக் கதையைச் சொன்னோம். "அங்கேயும் லைன் வீடுதானா?" என்று கேட்டார். லைன் வீட்டைவிட மோசம், ஒரே கொட்டகையில் எல்லோரும் என்றோம். சற்று நேரம் அவர் எதுவும் பேசவில்லை.

நோபல் பரிசு எல்லோருக்கும் ஆகாது. சோற்றுக்கு வழி உண்டா என்று கேட்பீர்கள். ஆந்திராவில் அனந்தபூருக்குப் போகலாம். 1920-ல் பார்சிலோனாவில் பிறந்து, 1952-ல் இந்தியாவுக்கு வந்த விசென்ட் ஃபெர்ரர், 1969-ல் அந்த வறண்ட மாவட்டத்தில் கிராம வளர்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2009-ல் அங்கேயே இறந்தார். தலித், பழங்குடிக் குடும்பங்களோடுதான் அந்த அமைப்பின் பெரும்பகுதி வேலை. உதவி செய்கிறவர்களில் ஏராளமானோர் ஸ்பெயின்காரர்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதுகிறார்கள், நேரிலும் வருகிறார்கள். கடிதத்தை மொழிபெயர்க்கவும் விருந்தினரை ஊருக்குள் கூட்டிப் போகவும் தெலுங்கும் ஸ்பானியமும் தெரிந்த ஆட்கள் வேண்டியிருந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளே கற்றுக்கொண்டார்கள். பிறகு அந்த அமைப்பு அயல்மொழிகளுக்கென்றே தனிப் பள்ளி நடத்தியது. கிராமத்துப் பட்டதாரிகள் தங்கிப் படித்தார்கள். ஆங்கிலத்தோடு ஸ்பானியம், பிரெஞ்சு, ஜெர்மன் என ஏதாவது ஒன்று. படித்தவர்கள் ஐதராபாத், பெங்களூரு நிறுவனங்களுக்கு வேலைக்குப் போனார்கள். கூலிக்காரர் பிள்ளைகள்தான். மூளை ஒன்றும் வேறல்ல. தங்க இடம், முழுநேரம், கட்டணக் கவலை இல்லாத நிலை, இவை இருந்தன.

வேலை விஷயத்தில் நாம் பொய் நம்பிக்கை தரக் கூடாது. ஏ1 என்கிற முதல்படிச் சான்றிதழை வைத்துக்கொண்டு யாரும் வேலை தர மாட்டார்கள். தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள, விலை கேட்க, வழி கேட்க அது போதும், அவ்வளவுதான். நிறுவனங்கள் மூன்றாவது, நான்காவது படியை, அதாவது பி1, பி2 அளவைக் கேட்கின்றன. அதற்கு இரண்டு, மூன்று வருட உழைப்பு வேண்டும். 'மூன்று மாதத்தில் ஸ்பானியம், உடனே ஐரோப்பாவில் வேலை' என்று யாராவது துண்டுப் பிரசுரம் கொடுத்தால் அதில் வடை மடித்துச் சாப்பிடலாம், பணம் கட்ட வேண்டாம். ஆனால் ஏறத்தாழ 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி, 20 நாடுகளுக்கு ஆட்சிமொழி என்பதும் பொய்யல்ல. திருப்பூர் பனியன் வாங்கும் பெரிய நிறுவனங்களில் ஒன்று 'ஸாரா' கடைகளை நடத்தும் ஸ்பெயினின் இன்டிடெக்ஸ். அந்த வேலையின் தையல் பக்கத்தில் நம் பெண்கள் இருக்கிறார்கள். பேச்சு வார்த்தை நடக்கும் பக்கத்தில் இல்லை.

நம் மாவட்டத்திலேயே நடந்ததை மறந்துவிடக் கூடாது. 2021 ஜனவரியில் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் போராடியது. 2022-ல் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' வந்தது. எச் அண்ட் எம், பிறகு கேப், பிவிஎச் ஆகிய வெளிநாட்டு நிறுவனங்களும் கையெழுத்திட்டன. வேலையிடத்தில் பாலியல், சாதிக் கொடுமையை எதிர்க்கும் ஒப்பந்தம். நம் பெண்கள் தமிழில் சொன்ன சொல், பல கை மாறி, பல மொழி மாறி, கடல் தாண்டிய பிறகுதான் அந்த நிறுவனங்கள் காதில் ஏறியது. அந்த மொழிபெயர்ப்பு மேசையில் நம் வீட்டுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறோம்.

அரசுக்கு இது தெரியாத விஷயமும் அல்ல. நர்சிங் முடித்த ஆதிதிராவிடர், பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழிப் பயிற்சி தருவதாகத் தாட்கோ அறிவித்தது. நல்ல காரியம். ஜெர்மனியில் செவிலியராக அங்கீகாரம் பெற மொழித்தேர்வு கட்டாயம் என்பதால் அதற்கு நேரடிப் பலன் உண்டு. அதே கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறக்கச் சொல்கிறோம். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மாலையில் பிள்ளைகள் இருக்கிறார்கள், அறை இருக்கிறது, விளக்கு இருக்கிறது. வகுப்பு அங்கே போகட்டும். மலைப் பிள்ளை வகுப்பைத் தேடிப் பஸ் பிடிக்க வேண்டாம். கொடைக்கானலில் 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழ் வழியாக ஸ்பானியம் கற்பிக்கும் ஒரு நல்ல பாடநூலை உருவாக்க அதைவிடப் பொருத்தமான இடம் இந்த மலையில் ஏது? 'எனக்குப் பிடிக்கும்' என்பதில் தொடங்கி நாற்பது பாடம் எழுதினால் போதும். பூம்பாறையில் பூண்டு உரிக்கிற வீட்டிலிருந்தும், மன்னவனூரில் கேரட் கழுவுகிற வீட்டிலிருந்தும் வருகிற பிள்ளை அதைப் படிக்கும். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நெடுங்காலமாகப் போராடிவரும் மலைப் புலையர் வீட்டுப் பிள்ளையும் படிக்கும்.

பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு தகவல். டெல்லியில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும், ஐதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் ஸ்பானியத்தில் பி.ஏ. பட்டப்படிப்பு இருக்கிறது. இரண்டும் மத்தியப் பல்கலைக்கழகங்கள். பட்டியல் சாதியினருக்கு 15 சதவீத இடம் உண்டு. ஜேஎன்யுவில் கியூட் நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கை. ஸ்பானியம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வீட்டிலிருந்தே படிக்கும் சான்றிதழ் படிப்பும் உண்டு. விண்ணப்பம் போடுவதற்கு முன் ஆங்கிலத்தைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளுங்கள். அந்தச் சுங்கச்சாவடி இன்னும் அங்கேயும் இருக்கிறது.

கிளம்பும்போது அந்த மாணவி நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்த பருவத்துக்கான அறிவிப்பு கல்லூரிப் பலகையில் ஒட்டியாகிவிட்டதாம். அதே கட்டணம், அதே நேரம். மலைக்குப் போகும் அவருடைய பஸ் நாலே முக்காலுக்கு.